நான்கெல்லை

பகல் முழுக்கப் புதுக்கடையில்
பிறர் காணிக்கு உறுதி எழுதுகிறேன்.
வடக்கே இன்னார் தோட்டம். கிழக்கே கான்.
தெற்கே வழக்கில் கிடக்கும் மதில்.
பதினொன்று தசம் நாலு பேர்ச்சஸ்.
பின்னேரம் தெமட்டகொடைக்கு வந்தால்
ஒன்றரை அறை அனெக்ஸில்
ரஸ்க் தன் வேலையை எப்போதோ முடித்திருப்பான்.

தாடையால் எழுதுகிற முயல் அவன்.
வடக்கே அரிசி வாளி.
கிழக்கே பிரிஜ்ஜின் கால்.
தெற்கே வீட்டுக்காரியின் பழைய அலுமாரி,
மேற்கே என் வலது செருப்பு.
ஒவ்வொன்றிலும் ஓர் உரசல்,
என் மூக்குக்கு எட்டாத மையில்.
ஒருநாள் லாச்சி திறந்து கிடக்க
பொலிசில் பதிந்த பழைய குடியிருப்புப் படிவத்தின் மேலும்
ஆறுதலாய் ஒப்பமிட்டான்.
முத்திரை வரியும் இல்லை, சாட்சியும் இல்லை.

நாற்றம் வந்தது வெசாக் கழிந்த கிழமை.
கூண்டு கழுவினேன். வைக்கோல் மாற்றினேன்.
டெட்டோல் ஊற்றி நிலம் துடைத்தேன்.
கதவில் தட்டினா மர்ளியா தாத்தா.
"ஏன் புள்ள, எலி கிலி ஏதும் செத்துக் கெடக்குதா?"
முந்தானை மூக்கில்.
வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம்.
இன்னும் மூன்று இருந்தது.

தெஹிவளை மிருக வைத்தியர் சின்னப் பொடியன்.
பின்காலை விலக்கிக் காட்டினார்:
பிறப்புறுப்பின் இரு பக்கமும் மயிரில்லாத ஒவ்வொரு மடிப்பு,
என் சுண்டுவிரல் நகம்கூட நுழையாத பை.
உள்ளே மெழுகு கறுத்து, கட்டியாகி,
புளியங்கொட்டைத் தோலாய் ஒட்டிக் கிடந்தது.
"வருத்தமில்லை மிஸ், ஊத்தைதான்.
இழுக்க வேண்டாம், ஊற விடுங்க.
மாசம் ஒருக்கா பாருங்க.
சிவந்தா, வீங்கினா, இங்க கொண்டு வாங்க."
மல்லாத்திப் பிடித்தால் அசையாமல் கிடப்பானே என்றேன்.
"அது சுகமில்லை, பயம்"
என்றார், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

நாலு கை வேண்டிய வேலை. என்னிடம் இரண்டு.
ஞாயிறு காலை மேல்மாடிக்கு ஏறி
ஏதோ கடன் கேட்பவள் மாதிரி நின்றேன்.

துவாய். இளஞ்சூட்டுத் தண்ணி.
ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். கொட்டன் பட்ஸ் நாலு.
"கடிக்குமா?"
"உதைப்பான். பின்பக்கத்தை வடிவாய்த் தாங்குங்கோ,
துள்ளினால் முதுகு முறிஞ்சுபோகும்."
அவன் நெஞ்சை அவ நெஞ்சோடு அணைத்துக்கொண்டா.
நான் முழந்தாளில், வாயில் டோர்ச்.

முதலில் ஒன்றுமே அசையவில்லை.
ஈரப் பஞ்சை வைத்தபடி காத்திருந்தேன்.
ஒழுங்கைக்குள் சூன் பாண்காரனின் த்ரீவீல்
அதே மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தது, போனது.
"எங்கட உம்மாவ கடைசி ரெண்டு வருஷம்
நான்தான் கழுவினது"
என்றா மர்ளியா தாத்தா, முயலின் காதுக்குச் சொல்வதுபோல்.
"இந்த மணமெல்லாம் எனக்குப் பழக்கம் புள்ள."
எனக்கு வாயில் டோர்ச்.

பிறகு இளகியது.
குச்சி நுனியில் வந்தது ஒரு கறுத்த காற்புள்ளி.
மற்றப் பக்கத்துக்கு வேறு குச்சி.
நாற்றம் இரண்டு பேருக்கும் ஒரே அளவில் அறைந்தது.
"அல்லாவே!" என்று சிரித்தா,
கையை மட்டும் விடவில்லை.

இறக்கிவிட்டதும்
பின்காலால் நிலத்தில் இரண்டு அடி, கோபத்தில்.
அலுமாரிக்கு அடியில் போய்க் கொஞ்ச நேரம்
எங்களை விசாரணையில் வைத்தான்.
பிறகு மெல்ல வந்து
மர்ளியா தாத்தாவின் பாட்டாச் செருப்பை மோந்து
பெருவிரல் நகத்தின் மேல்
தாடையால் ஒரு கோடு இழுத்தான்.

"என்ன செய்றான்?"
"பதியிறான்."
"எத?"

குச்சிகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அடுத்த மாசமும் ஞாயிறா?"
என்று அவவே கேட்டா,
காலை எடுக்காமல்.